மூன்று பேருக்கு ஒரு கோடு

நான் வேலை பார்க்கும் கரும்பாலையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேட் வாட்ச்மேனிலிருந்து டிராக்டர் ஓட்டி வருகிறவர்கள் வரை எல்லோருக்கும் நான் 'கெமிஸ்டு சார்'தான். தேவநாதன் என்று சொன்னால் யாரென்று யோசிப்பார்கள். பதினாறு வருஷமாக அங்கே கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று சோதித்துச் சொல்கிறேன். என் கை தப்பு செய்யாது என்று அவர்கள் நம்பினார்கள், அவர்களைவிட நான் அதிகமாக நம்பினேன். அந்தத் திமிர்தான் என் தங்கச்சி பிள்ளையை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

தங்கச்சி இளமதியைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். கார்த்திகை மாசம் அவளுக்குப் பையன் பிறந்தான். எட்டு வாரம் முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான். ஒன்றரைக் கிலோ. ஒரு மாசம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோதே டாக்டர் கண்டித்துச் சொல்லி அனுப்பினார்: சளி, தும்மல், இருமல் இருக்கிற யாரும் குழந்தை கிட்டே வரக் கூடாது, உங்களுக்கு அது மூக்கோடு போய்விடும், இவனுக்கு மூச்சிலே போய் நிற்கும். இளமதி அதை அப்படியே போனில் எனக்கு ஒப்பித்தாள். நானும் சரி சரி என்றேன்.

அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. அப்பா அம்மா இல்லாத வீடு எங்களுடையது. பொங்கல் சீர் கொண்டுபோக அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. அதுவும் பிள்ளை பிறந்து வருகிற முதல் பொங்கல். அவள் மாமனார் பழனிவேல் மாமா, மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. "கெமிஸ்டு வூட்டு சீருல கரும்பு எவ்ளோ வருதுன்னு எங்க தெருவே பாத்துகிட்டு இருக்குது" என்று ஒரு வாரமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, பித்தளைப் பானை, புடவை எல்லாம் வாங்கியாகிவிட்டது. கரும்பை நானே தோட்டத்தில் நின்று வெட்டச் சொல்லி, இரண்டு கட்டாகக் கொண்டுவந்து கடலூரில் எங்கள் வாசலில் சாத்தி வைத்திருந்தேன்.

போகிக்கு முந்தின நாள் சாயந்திரம் என் மகள் அனு இரண்டு தும்மல் போட்டாள். ஆறு வயசு. மூக்கில் லேசாகத் தண்ணீர்.

என் மனைவி கயல்விழி உடனே சொல்லிவிட்டாள். "நாளைக்கி போவ வாணாங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அடுத்த வாரம் கொண்டுபோனா அதுக்குப் பேரு சீரா?"

"அப்ப நீங்க மட்டும் போங்க. வாசல்லயே வெச்சிட்டு வந்துருங்க."

"பார்சல் கொண்டுபோற மாதிரியா? சும்மா பயந்து சாவாத. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டா போச்சு."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பாதிரிப்புலியூரில் மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன். வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கிற கிட் எங்கேயும் இல்லை. மஞ்சக்குப்பத்தில் நாலாவது கடைக்காரர் மேல் தட்டில் துழாவி ஒன்றை எடுத்தார். "இப்பல்லாம் யாரு சார் இத கேக்குறாங்க? கொரோனா, ஃப்ளூ ரெண்டும் பாக்குறது. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. தேதி இருக்குது, பாத்துக்குங்க."

கயல்விழி அப்போதும் ஒழுங்காகத்தான் சொன்னாள். "ஒண்ணுதான இருக்கு? அனுவுக்கு மட்டும் பாருங்க. அவதான தும்முறா?"

"போறது மூணு பேரு. ஒருத்திக்கு மட்டும் பாத்து என்னா பண்றது?" என்றேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை உண்டு. மணிக்கு ஒரு கரண்டி சாறு எடுத்து ஒரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டே வருவோம். எட்டு மணி நேரம் முடிந்ததும் அந்தக் கலவையை ஒரே ஒரு தடவை சோதிப்போம். ஒரு ஷிப்டுக்கே அது போதும். இத்தனை வருஷம் அதைச் செய்த கை சும்மா இருக்குமா? கிட்டிலிருந்த குச்சியை என் மூக்கில் விட்டுச் சுழற்றினேன். காது குடைகிற பஞ்சுக் குச்சி இரண்டை எடுத்து ஒன்றைக் கயல்விழியிடம் கொடுத்தேன், ஒன்றை அனுவின் மூக்கில் வைத்தேன். அவள் கத்திக் காலை உதைத்ததில் ஓரத்தில் மட்டும் தடவி எடுத்துவிட்டேன். மூன்றையும் கிட்டோடு வந்த விரல்நீள மருந்துக் குழாயில் விட்டுக் கலக்கினேன்.

பஞ்சு இருந்த மருந்தை எல்லாம் குடித்துவிட்டது. பிழிந்தும் குழாயில் பாதிக்குக் கீழேதான் நின்றது. வண்டி பேட்டரிக்கு வாங்கி வைத்த டிஸ்டில்டு வாட்டர் அலமாரியில் இருந்தது. சுத்தமான தண்ணீர்தானே என்று குழாயில் போட்டிருந்த அளவுக்கோடு வரைக்கும் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்பினேன். ரொம்ப நேர்த்தியாகத்தான் செய்தேன். உள்ளே ஒரு துண்டுத்தாள் மடித்து வைத்திருந்தார்கள். அதைப் பிரிக்கக்கூட இல்லை. கெமிஸ்டுக்கு எதற்குத் துண்டுத்தாள்?

அதில் நாலு சொட்டைச் சோதனைப் பட்டையில் விட்டேன். பதினைந்து நிமிஷம் கழித்து 'சி' என்ற எழுத்துக்கு நேரே ஒரே கோடு, கிட் வேலை செய்கிறது என்று காட்டுகிற கோடு மட்டும். பளிச்சென்று. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "மூன்று பேருக்கும் நெகட்டிவ். நாளை காலை வருகிறோம்." பழனிவேல் மாமா பத்துக் கும்பிடு போட்டு, அதை அவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வேறு அனுப்பினார்.

சிதம்பரத்தில் வாடகைக் கார் நின்றபோது இளமதி முகமூடி போட்டுக்கொண்டு உள்கதவைப் பாதி சாத்தியபடி நின்றாள். "ண்ணா, நல்லா பாத்துட்டதான?" என்றாள்.

"நான் பாத்தா பாத்ததுதான்" என்றேன்.

மூன்று மணி நேரம் அங்கே இருந்தோம். குழந்தையை என் மடியில் கொடுத்தாள். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்கூட அவன் இல்லை. அனு அவன் பாதத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்து, பவுடர் வாசனை அடிக்குதுப்பா என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

மாட்டுப்பொங்கலன்று அனுவுக்குக் காய்ச்சல் வந்தது. அடம் பிடித்துக் கரும்பைக் கடித்துக்கொண்டே இருந்தாள், கரும்புச் சளி என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். மறுநாள் காணும் பொங்கல். காலையில் இளமதி போன் செய்தாள். குழந்தைக்கு மூக்கு அடைத்திருக்கிறது, பாலைப் பாதியில் விட்டுவிடுகிறான் என்றாள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டிவிட்டு வந்திருந்தாள்.

"வூட்டுக்கு யாராச்சும் சளியோட வந்தாங்களான்னு டாக்டரு கேட்டாரு. எங்க மாமா ஒடனே ஒன் போட்டாவ காட்டிட்டாரு. சரி, அப்ப பயமில்ல, மூக்குக்குச் சொட்டு மருந்து வுடுங்க, பால் குடிக்கலன்னா தூக்கிட்டு வாங்கன்னாரு."

போனை வைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அந்தப் படம் டாக்டர் வரைக்கும் போயிருக்கிறது. அவர் அதைப் பார்த்துத்தான் பயமில்லை என்றிருக்கிறார். உள்ளே அனு இருமுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு இருமலும் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பது போலிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி கடை கடையாக அலைந்தேன். பெரியாஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் இரண்டு கிட் கிடைத்தது.

இந்தத் தடவை துண்டுத்தாளைப் பிரித்துப் படித்தேன். ஒரு கிட் ஒரு ஆளுக்கு மட்டும். உள்ளே இருக்கிற குச்சியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். தண்ணீரோ வேறு எதுவுமோ கலக்கக் கூடாது. நெகட்டிவ் வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, அறிகுறி இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். எல்லாம் எறும்பு எழுத்தில். நான் செய்த ஒவ்வொன்றையும் யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதின மாதிரி இருந்தது. ஆலையில் நாங்கள் பார்ப்பது சராசரி. சர்க்கரைக்குச் சராசரி சரி. வீட்டில் ஒருத்திக்கு மட்டும் நோய் இருந்தால், அதை மூன்று பேரில் கரைத்து, பேட்டரித் தண்ணீரும் விட்டுப் பார்த்தால் என்ன தெரியும்?

அனுவைக் கயல்விழி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒழுங்காகக் குச்சியை விட்டு எடுத்து நாலு சொட்டு விட்டேன். ஈரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஃப்ளூ என்று போட்ட இடத்தில் கோடு விழுந்துவிட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. 'சி' கோடே அதற்குப் பிறகுதான் வந்தது.

கயல்விழி என்னைத் திட்டவில்லை. "போன போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

இளமதி எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை அருண்பாண்டியனுக்குப் போட்டேன். அவர் குசுகுசுவென்று பேசினார்.

"சொல்லுங்க மச்சான். ரெண்டு பேரும் தூங்குறாங்க. ராத்திரி பூரா முழிப்பு."

"குழந்த எப்ப பால் குடிச்சான்?"

"பத்து மணிக்கி கொஞ்சம் குடிச்சான். அப்பேந்து நல்ல தூக்கம்."

மணி இரண்டரை. என் தோளில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த கயல்விழி என் கையை நகம் பதிய இறுக்கினாள். "ரெண்டு மணிக்கொருக்க குடிக்கிற புள்ளைங்க அது. நாலு மணி நேரம் தூங்காது" என்றாள்.

"மாப்ள, அனுவுக்கு ஃப்ளூன்னு வந்துருக்கு. இப்பதான் பாத்தேன். குழந்தய ஒடனே பெரியாஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுப் போங்க."

அவர் லேசாகச் சிரித்தார். எனக்கு ஆறுதல் சொல்கிற சிரிப்பு. "மச்சான், நீங்கதான அன்னிக்கி பாத்தீங்க? நெகட்டிவ்தான? அதுக்கப்புறம் எங்கியாச்சும் வந்துருக்கும். பொங்கலு, ஜனம் ஜாஸ்தி. டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. இப்பதான் அசந்து தூங்குறான், எழுப்புனா இளமதி என்ன கொன்னுடுவா. சாயங்காலம் பாப்போம், நீங்க டென்ஷன் ஆவாதீங்க."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் என்னைக் கலங்கடித்தது. ஆமாம் மாப்ள, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டால் போதும். நான் கெமிஸ்டாகவே இருந்துவிடலாம். கேவலம், அப்படியும் ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடியில் குழந்தை எத்தனை மூச்சு விட்டானோ, விட்டானா இல்லையோ என்று அடுத்ததாகத் தோன்றியது. அப்போது வந்த பயம் இதுவரை எனக்கு வந்ததில்லை. அப்பா செத்தபோதுகூட வரவில்லை.

"மாப்ள, அந்த நெகட்டிவ் பொய்யி" என்றேன்.

"என்னாது?"

"கிட்டு ஒண்ணுதான் கெடச்சுது. மூணு பேரு மூக்குலயும் எடுத்து ஒண்ணா கலந்து பாத்தேன். பத்தலன்னு பேட்டரித் தண்ணி வுட்டேன். அனுவுக்குச் சரியாகூட எடுக்கல. முந்தின நாளே அவ தும்முனா. அன்னிக்கே அவளுக்கு இருந்துருக்கு. அத வெச்சிகிட்டுதான் வந்தோம். உங்க டாக்டரு பாத்தது வெத்துப் போட்டோ மாப்ள. தயவுசெஞ்சி எழுப்புங்க."

அந்தப் பக்கம் கதவு திறக்கிற ஒலி கேட்டது. அவர் 'இளமதி, இளமதி' என்றார். அவள் தூக்கக் கலக்கத்தில் என்னவோ கேட்டாள். போனை அவர் கட்டிலில் போட்டுவிட்டார் போலிருக்கிறது, எல்லாம் கேட்டது. "தம்பி... தம்பிக்குட்டி... பாலு குடிடா." அப்புறம் அவள் குரல் மாறியது. "ஏங்க, வாயே தொறக்க மாட்டேங்கறான். ஏங்க, இங்க பாருங்க, ஒதடு." அதோடு போன் நின்றுவிட்டது.

ஃப்ளூவென்று தெரிந்த வீட்டிலிருந்து வருகிற நான் பஸ்ஸில் ஏறக் கூடாது என்கிற புத்தி அப்போதாவது இருந்தது. இரண்டு முகமூடியைப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். மீதியிருந்த இன்னொரு கிட்டை எதற்கென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஊர்கள் வந்தன, போயின. காணும் பொங்கலுக்குக் கடற்கரைக்குப் போகிற வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு எதிரே வந்தன. போன் அடித்தால் நிறுத்தி எடுக்க வேண்டும். அடிக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன், அடிக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது கியர் மாற்றத் தடுமாறினேன்.

ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்துகிற இடத்தைத் தாண்டி நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது, எந்த மூச்சோடு போவது? பழனிவேல் மாமா வராந்தாவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை இருபதடி தள்ளி நின்றே சொன்னார். "ஆட்டோல வரும்போது மூச்ச நிறுத்திட்டான் மச்சான். இவ உள்ளங்கால்ல சுண்டிச் சுண்டி எழுப்புனா. இப்ப ஆக்சிஜன்ல வெச்சிருக்காங்க. ஃப்ளூன்னு சொன்னதும் அதுக்கு மருந்து ஆரம்பிச்சிட்டாங்க. ரெண்டு நாளு போவணுமாம், அப்பறந்தான் எதுவும் சொல்லுவாங்களாம்." கையை ஆட்டிவிட்டுப் போனார். என்னைப் போகச் சொன்னாரா, இருக்கச் சொன்னாரா என்று தெரியவில்லை. இருந்தேன்.

ஆறு மணிக்கு இளமதி வெளியே வந்தாள். புடவை மாற்றவில்லை, தலை கலைந்து கிடந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சிமெண்டு பெஞ்சு. அதற்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

"இன்னொரு கிட்டு வெச்சிருக்கியாமே? அண்ணி போன்ல சொன்னாங்க."

பையிலிருந்து எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அவள் உட்கார்ந்து பிரித்தாள். "பால் குடுக்க உள்ள கூப்புடுறாங்க. மாஸ்க் போட்டுகிட்டுக் குடும்மான்னுதான் நர்சு சொல்றாங்க. எனக்கும் இருந்துச்சுன்னா? நானே அவனுக்கு..." குச்சியைக் கையில் எடுத்தாள். "எப்பிடிப் பண்றதுன்னு சொல்லு. சரியா சொல்லு."

சரியாகச் சொன்னேன். துண்டுத்தாளில் இருந்தபடி, ஒரு எழுத்து விடாமல். ஒவ்வொரு மூக்கிலும் ஐந்து சுற்று. அவள் கண்ணில் தண்ணீர் வர வரச் சுழற்றினாள். குழாயில் கலக்கி நாலு சொட்டு விட்டுவிட்டுப் பெஞ்சின் மேலேயே வைத்தாள். பதினைந்து நிமிஷம் காத்திருந்தோம். யாரோ ஒரு அம்மா பொங்கல் தூக்குச்சட்டியோடு எங்களைக் கடந்து போனாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளமதி வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோடு ஒண்ணுதாண்ணா இருக்கு" என்றாள். குனிந்து மறுபடி பார்த்தாள். "ஒண்ணுதான். அப்ப எனக்கு இல்லதான? நான் உள்ள போலாந்தான?"

சின்ன வயசிலிருந்து அவள் என்னிடம் எதைக் கேட்டாலும் நான் யோசித்ததே இல்லை. கேட்ட வேகத்தில் பதில் வரும். இப்போதும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. போலாம்மா என்று சொன்னால் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும். ஆனால் இன்று ஒரு கோடு வந்தால் இல்லை என்று ஆகிவிடாது. அந்தக் குச்சியில் அகப்படவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு அகப்படலாம்.

"தெரியல இளமதி" என்றேன்.

"ஒனக்கே தெரியலயா?"

"தெரியலம்மா. இன்னிக்கி இல்லன்னு காட்டிட்டு நாளைக்கி இருக்குன்னு காட்டலாம். இருக்குன்னே வெச்சிகிட்டு போ. நர்சு சொன்ன மாதிரி மாஸ்க்கோட குடு. கை கழுவிக்க."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வராந்தாவிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். இளமதி எழுந்து இன்னொரு முகமூடியை எடுத்துப் போட்டிருந்ததன் மேலேயே போட்டு, மூக்கின் மேல் அழுத்திக்கொண்டாள்.

"இந்தத் 'தெரியல'ய அன்னிக்கி வாசல்ல நின்னு சொல்லிருந்தீன்னா, நான் அவன ஒன் மடியில குடுத்திருக்க மாட்டேண்ணா" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. பால் கொடுக்க நேரமாகிவிட்டது என்று வேகமாக உள்ளே போனாள்.